மேலே அனுப்புதல்

முத்துவடிவை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. குற்றாலம் தாண்டி இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் டாக்டராக இருந்த பன்னிரண்டு வருடமும் பிரசவ அறையில் என்னோடு நின்ற நர்ஸ் அவள். நான் தென்காசிக்கு மாவட்ட சுகாதார அதிகாரியாக வந்து ஆறு வருடம் ஆகிறது.

வந்ததும் ஓர் உத்தரவு போட்டேன். ரத்த அழுத்தம் கூடிய கர்ப்பிணிகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும். தாய்மார்களின் நலனுக்காக என்றுதான் கூட்டத்தில் சொன்னேன். நம் கட்டிடத்துக்குள் மரணம் நடக்கக் கூடாது என்ற எண்ணமும் இருந்தது. எது முதலில் வந்தது என்று என்னை நான் கேட்டுக்கொண்டதில்லை.

போன ஞாயிறு மதியம், ரத்த அழுத்தம் கூடியிருந்த ஜெனி என்ற இளம்பெண்ணை அந்த நிலையத்திலிருந்து முத்துவடிவு ஏற்றிவந்த ஆம்புலன்ஸ், அருவிக்கு வந்த வேன்களுக்கு நடுவே நின்றுவிட்டது. பிள்ளை வண்டியிலேயே பிறந்து பிழைத்துக்கொண்டது. ரத்தப்போக்கு நிற்காமல் அவள் இறந்துபோனாள். விசாரணை அதிகாரி நான்தான்.

"ஏன் அனுப்பின?"

"தலை தெரியுதும்மா, இங்கனயே பாத்துருதேன்னு போன்ல சொன்னம்லா? நீங்கதான் 'ரூல் ரூல்தான், மேல அனுப்பு'ன்னிய."

அந்தப் பேச்சு எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

"வடிவு, நான் ரிட்டயராக ஏழு மாசம்தான் இருக்கு."

"எனக்குப் பதினோரு வருசம் கெடக்கு." சிரித்தாள். "முன்னல்லாம் 'மேல யாருட்டி இருக்கா, நாமதான்'னு சொல்லிக்கிட்டே கையுறைய மாட்டுவிய. இப்பம் நீங்களே மேல போயிட்டியளே."

செத்தவர்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். தெரிந்தேதான் சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் வருவதற்கு முன்பே அறிக்கை தயாராக இருந்தது. 'தலை தெரிந்த நிலையில் அனுப்பக் கூடாது என்ற அரசு விதியை மீறி, செவிலியர் தன்னிச்சையாக அனுப்பியுள்ளார்.' நான் கையெழுத்துப் போட்டால் அவள் வேலை போய்விடும்.

தாளைத் தன் பக்கம் திருப்பி முழுவதும் படித்தாள். 'தன்னிச்சையாக' என்ற இடத்தில் அவள் விரல் நிற்கும் என்று எதிர்பார்த்தேன். அதைக் கடந்து போனது.

"நேரம் தப்பும்மா. மூணு இருவதுன்னு போட்டிருக்கிய. மூணு நாப்பதுக்குத்தான் சீவன் போச்சு. ஜெனி இன்னொரு இருவது நிமிசம் என் கையைப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தா."

நேரத்தைத் திருத்தினேன். அதை மட்டும் திருத்திவிட்டுக் கையெழுத்திட்டேன்.