அந்தப் பாசிக்கு மீசை இருந்தது

1

"ஏரிக்குள்ள என்ன இருக்குன்னு முதல்ல சொல்லுங்க சார்."

இப்படி மட்டும் கேட்கவே கூடாது என்று நீச்சல் சங்கத்தில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். கேட்டுவிட்டேன். இந்தக் கதை பிறந்தது அப்படித்தான்.

பொய். கதை அதற்கு முன்பே பிறந்துவிட்டது. ஆண்டு மலருக்கு வேண்டுமென்று பயிற்சியாளர்தான் கேட்டார். "நீதானம்மா படிச்ச பொண்ணு. ஏரி வரணும், சூரியன் வரணும். மிருகம் மட்டும் வேணாம். புது ஆளுங்க பயந்துருவாங்க."

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் மருந்துச் சீட்டிலிருந்து வாடகை ஒப்பந்தம் வரை யார் எதை நீட்டினாலும் படித்துச் சொல்ல வேண்டும். இப்போது கதை வேறு.

2

முதல் தொடக்கம்: 'விடியலில் ஏரி கண்ணாடிபோல்...' (அடித்துவிட்டேன். கண்ணாடி கணுக்காலைக் கொத்தாது.)

இரண்டாவது: 'அவள் குதித்தாள். ஏதோ ஒன்று அவள் பாதத்தை...' (சார் இந்த இடத்திலேயே மூடி வைத்துவிடுவார்.)

ஒன்றை விளக்கிவிடுகிறேன். எங்கள் சங்கத்தில், தண்ணீருக்குள் எது உரசினாலும் அதற்குப் பெயர் பாசி. நம் காலில் உள்ள மச்சத்தைப் புழு என்று நினைத்துக் கொத்திப் பார்க்கும் மீன், பாசி. நம் பக்கத்தில் தலையைத் தூக்கி நீந்திவிட்டு, நம் முகத்தைப் பார்த்ததும் அரண்டு ஓடும் தண்ணீர்ப்பாம்பு, பாசி. கணுக்காலில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்த அட்டையும் பாசிதான். ("பட்டம் வாங்கினது இதுக்கு ரத்தம் குடுக்கவாடி?" என்றாள் அம்மா. உப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்ததும் அவள்தான்.)

3

கதாநாயகியின் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பயமே அறியாதவளாக எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. அழகியாக எழுதினேன், நீச்சல் தொப்பியை மாட்டினால் அழகியாவது ஒன்றாவது, எல்லோரும் அவித்த முட்டைதான். கடைசியில் 'அவள்' என்பதை அடித்துவிட்டு 'நான்' என்று போட்டேன்.

போன மாதம் நாணல் முனையில், மிதவையைச் சுற்றித் திரும்பும்போது, எனக்கு எதிரே மீசை வைத்த முகம் ஒன்று எழுந்தது. நீர்நாய். சீறியது. அதன் பின்னால் நாணலுக்குள் குட்டிகள் கீச்சிட்டன. நான் அசையாமல் அப்படியே மிதந்தேன். (துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். கால்கள் ராஜினாமா செய்திருந்தன.) வந்து தொடையில் கடித்தது. தையல் போட்ட செவிலியர், "என்ன கடிச்சுது?" என்று கேட்டார். பழக்கதோஷம், "பாசி" என்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்.

அந்தத் தாய்மேல் எனக்குக் கோபம் இல்லை. குட்டிகளை வைத்துக்கொண்டு அது வேறென்ன செய்யும்? அதன் பிறகு சங்கத்தின் பழைய ஆட்கள் எல்லோரும் மிதவைக்கு எட்டவே விலகித் திரும்புகிறார்கள். ஏன் என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

4

இன்று காலை. ஈரத்துண்டு வாடை அடிக்கும் பயிற்சியாளரின் அறை. வெளியே கரையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுக்கு இது முதல் ஏரி நீச்சல். எனக்கு வழிகாட்டியாக, சம்பளத்தோடு, முதல் நாள்.

"மிதவையை இந்தப் பக்கம் கொண்டாந்துருங்க சார். குட்டிங்க பெருசாகுற வரைக்கும்."

"ஏம்மா, இத்தனை வருஷமா அங்கதானே திரும்புறோம்?"

"இத்தனை வருஷமா அது அங்க குட்டி போடல. ஏரிக்குள்ள என்ன இருக்குன்னு முதல்ல சொல்லுங்க சார்."

"பாசி."

"அந்தப் பாசிக்கு மீசை இருந்துது."

"கதை எழுதச் சொன்னா கதை விடுறியே!"

"தழும்பைக் காட்டவா?"

"அய்யய்யோ, வேணாம் தாயே." சிரித்தார்.

(அவரை வில்லனாக்கிவிட்டால் எழுத எளிது. முடியவில்லை. நான் நீச்சல் பழக வந்த முதல் நாள் மூச்சுத் திணறியபோது பிடரிக்குக் கீழே கைகொடுத்து, "விழமாட்ட, நான் இருக்கேன்" என்றவர் அவர்.)

"இதோ பாரும்மா. பயம் வந்துட்டா ஒருத்தரும் இறங்க மாட்டாங்க, சங்கத்தை மூட வேண்டியதுதான். கூட்டிட்டுப் போ. யாராச்சும் கேட்டா பாசின்னு சொல்லு. முடியாதுன்னா சொல்லிரு, வேற ஆளைப் போட்டுக்கறேன்."

5

முடிவு ஒன்று, மலருக்கு: அவள் புன்னகைத்தாள். சூரியன் உதித்தது.

முடிவு இரண்டு: நீர்நாய் சங்கத்தில் உறுப்பினராகிறது. அடுத்த மலருக்கு அதனிடமும் கதை கேட்கிறார்கள்.

முடிவு மூன்று: பயிற்சியாளர் மனம் மாறி, தானே படகை எடுத்துக்கொண்டு போய் மிதவையை... (நீங்கள் நம்பினால் எழுதுகிறேன்.)

மூன்றும் வேண்டாம். நான் எழுந்தேன்.

"எங்கம்மா போற?"

"வெளிய நிக்கிறவங்ககிட்ட உண்மையைச் சொல்லிட்டு வீட்டுக்குப் போறேன் சார். வேற ஆளைப் பாத்துக்கங்க."

"ஏய், நில்லு... மலருக்குக் கதை?"

வரிசையில் கடைசியாக நிற்பது நீங்கள். தொப்பி புருவத்தை இழுக்கிறது. ஒரு கால் ஏற்கெனவே நனைந்துவிட்டது. நீர்நாயைப் பற்றி நான் சொல்வதைக் கேட்டபின் இன்னொரு காலையும் வைப்பீர்களோ, செருப்பைத் தேடுவீர்களோ, அது உங்கள் பாடு. நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.