மேற்குப் புறநகர் பேஸ்பால் லீக் நடந்ததற்கான அத்தாட்சி

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்காகத் தோன்றியதில்லை, வீடு தேடி வந்து கேட்டு வாங்கினார்கள். கேட்டவள் பெயர் ஸ்வீட்லின். அவள் கேட்டதும் கதை இல்லை, கட்டுரை. அந்தக் கட்டுரை வியாழக்கிழமை ஓர் அரசு அலுவலக மேசையில் அத்தாட்சியாக வைக்கப்படும் என்று தெரிந்த நிமிடமே ‘நான்’ என்று எழுதுவதற்குக் கை கூசியது. ‘நான்’ என்றால் வாக்குமூலம். ‘மணவாளன்’ என்றால் கதை. ஆகவே இனி மணவாளன்.

மணவாளன் ஐயப்பன்தாங்கல்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிஸ்டன் செய்யும் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் க்யூ.சி.யில் இருந்து ஓய்வு பெற்றவர். அதாவது, அடுத்தவர் செய்த சரக்கில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவர். சிறு பத்திரிகைகளில் பதினான்கு கதை எழுதியிருக்கிறார். “கோயில் சுண்டலக்கூட மோந்து பாத்துட்டுத் துன்ற ஆளு நீ” என்பது அவரைப் பற்றி மனைவி தாட்சாயிணியின் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

2

தொடக்கம் ஒன்று: “2018-இல் சென்னைக்கு மேற்கே ஒரு புரட்சி...”
[அடித்தாயிற்று. புரட்சி எதுவும் இல்லை. நாலு டீம்தான்.]

தொடக்கம் இரண்டு: “பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாத நாற்பத்தெட்டுப் பெண்கள்...”
[இதுவும் பொய். பள்ளியில் சாஃப்ட்பால் ஆடியவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்களாம்.]

தொடக்கம் மூன்று, ஸ்வீட்லின் சொன்னபடியே: 2018 பிப்ரவரியில் யூஜின் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் பெண்களுக்கென்று ஒரு பேஸ்பால் லீக் தொடங்கினார். அம்பத்தூர் லேத்ஸ், ஆவடி டேங்க்ஸ், பூந்தமல்லி ஜாஸ்மின்ஸ், வேப்பம்பட்டு எக்ஸ்பிரஸ் என்று நாலு அணிகள். (எக்ஸ்பிரஸ் நிற்காத ஊருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தவரைப் பார்க்க மணவாளனுக்கு ஆசை.) வேப்பம்பட்டில் மனைக்கல் நட்டு விலைபோகாமல் கிடந்த ஒரு லே-அவுட்தான் மைதானம். பாதிப் பேர் மாதா கோயில் பெண்கள். அவர்கள் காலைப் பூசை முடித்து ரயில் பிடித்து வந்து சேர்ந்த பிறகுதான் முதல் பந்து, அதாவது மண்டை பிளக்கும் வெயிலில். ஆறு ஞாயிறுகளில் பன்னிரண்டு ஆட்டம். ஏழாவது ஞாயிறு, குருத்தோலை ஞாயிறு அன்று, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இறுதி ஆட்டம். ஆவடி ஜெயித்தது. அடுத்த வருடம் மனைகள் விற்றுப்போயின. யூஜின் கத்தாருக்குப் போனார், போன் நம்பரும் மாறிப்போயிற்று. லீக்கின் வரலாறு மொத்தமே இவ்வளவுதான், ஏழு ஞாயிறு.

அம்பத்தூர் அணியில் ஆடியவள் ஸ்வீட்லின். கையில் இரண்டாம் இடத்துக்கான சான்றிதழ் இருக்கிறது. அதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் இளநிலை உதவியாளர் வேலைக்குத் தேர்வாகிவிட்டாள். ஆனால் சரிபார்ப்பில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். முத்திரை குத்திய மாவட்டச் சங்கம் இப்போது இல்லை. பேட்டைத் தொட்டே பார்க்காதவர்களுக்கெல்லாம் சான்றிதழ் அடித்துக்கொடுத்த லீக்குகளும் உலகத்தில் உண்டு. “இப்படி ஒண்ணு நடந்ததுக்கு போட்டோ, யாராவது எழுதினது, ஏதாவது கொண்டு வாங்கம்மா” என்றாராம் அதிகாரி.

“இந்தத் தபா உட்டா வயசு தாண்டிடும் அங்கிள்” என்றாள் ஸ்வீட்லின். “அப்பா சொன்னாரு, நீங்க எழுதுவீங்கன்னு.”

அப்பா ஜோசப்ராஜ் அதே கம்பெனியில் லேத் ஓட்டியவர். அவர் கடைந்த பிஸ்டன்களை மணவாளன் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் மகளை அனுப்பியிருக்கிறாரே என்பதும் மணவாளனுக்கு ஒரு சந்தேகம்தான்.

3

இந்த இடத்தில் நல்ல எழுத்தாளர் பாத்திரத்தை நம்பத் தொடங்கியிருப்பார். மணவாளனால் முடியவில்லை.

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று? நாற்பத்தெட்டுப் பேர் ஏழு வாரம் ஆடியதற்கு ஒரே ஒரு போட்டோவா? அதில் ஸ்வீட்லின் நீல ஜெர்சியோடு பேட்டை ஓங்கி நிற்கிறாள். காலடியில் ஹோம் பிளேட், அடிப்பவள் நிற்கும் இடத்து ரப்பர் தட்டு. மூலையில் 25-03-2018 என்று தேதி. சுற்றிலும் வெறும் மண், வேறு ஒரு ஈ காக்கை இல்லை. அதன் பிரதி ஒன்றை அவளே மணவாளனிடம் கொடுத்திருந்தாள்.

கூடவே ஆவடி அணியில் அடிப்பவளுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கும் கேட்சர் லாவண்யாவின் நம்பரையும் கொடுத்தாள். பொய் சொல்கிறவள் சாட்சியின் நம்பரைத் தருவாளா? தருவாள், சாட்சியும் கூட்டு என்றால்.*

[* “ஒருவேளை லாவண்யாவும் இதே வேலைக்கு மனுப் போட்டு...” என்று ஒரு வாக்கியம் இங்கே இருந்தது. நேரில் கேட்டதில் இல்லை என்று தெரிந்தது. வாக்கியம் போய்விட்டது, சந்தேகம் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.]

4

லாவண்யா வேப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். லீக் நிஜமாகவே நடந்ததா என்று மணவாளன் கேட்டதும், தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமலே சிரித்தாள்.

“நடக்காமயா சார் என் முட்டி இப்டி கீது? ஏழு வாரம் குத்துக்காலு போட்டுகினு குந்திகினு இருந்தேன்.”

இறுதி ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார். மெஷின் நின்றது.

“சமமா இருந்திச்சு சார். அவுங்களுக்குக் கடைசி சான்ஸு. ஸ்வீட்லின் மூணு மூலையும் சுத்திட்டு ஹோமுக்கு ஓடியாறா. ஹோம் பிளேட்ட மிதிச்சா ஒரு ரன், மேட்ச் அவுங்களுது. நான் பந்தக் கையில வெச்சிகினு நிக்கிறேன். அம்பயர் சேஃப்னு கையக் காட்டிட்டாரு. அம்பத்தூர் பொண்ணுங்கல்லாம் குதிக்குதுங்க. இவ மட்டும் நின்ன எடத்துல நின்னுகினு, ‘லாவண்யா, என் காலு படல’ன்றா.”

“அவளேவா சொன்னா?”

“அவளேதான். நான் பந்தால தோளத் தொட்டேன், அவுட்டு. அடுத்த இன்னிங்ஸுல நாங்க ஜெயிச்சிட்டோம். அவுங்க டீம்ல ஒரு வாரம் யாரும் அவ கூடப் பேசல.” நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். “பாவம் இன்னான்னா சார், அந்தப் பிளேட்டே தப்பு.”

ஐந்து மூலை உள்ள ரப்பர் தட்டு அது. எஸ்டேட்டிலிருந்து பழைய கன்வேயர் பெல்ட் கொண்டுவந்து வெட்டியது. கூர்முனை கேட்சர் பக்கமும் அகலப் பக்கம் பந்து வீசும் பிட்சர் பக்கமும் இருக்க வேண்டும். இவர்கள் தலைகீழாக வைத்து ஆணி அடித்துவிட்டார்கள். ஏழு வாரமும் கூர் பிட்சரைப் பார்த்தே இருந்தது, நாற்பத்தெட்டுப் பேரில் ஒருத்திக்கும் தெரியவில்லை.

“போன வருசம் போன்ல ஒரு வெளிநாட்டு மேட்ச் பாத்துகினு இருந்தேன், தூக்கிவாரிப் போட்டுச்சு. சரியா வெச்சிருந்தா அவ காலு வெச்ச எடத்துல பிளேட்டு இருந்திருக்கும் சார். அவதான் ஜெயிச்சிருப்பா. உடனே போன் போட்டுச் சொன்னேன். ரெண்டு பேரும் சிரிசிரின்னு சிரிச்சோம். அப்பால அவ டக்குனு போன வெச்சிட்டா.”

ரயில் திருநின்றவூர் தாண்டும்போது மணவாளன் போட்டோவை வெளியே எடுத்தார். பிளேட் தெளிவாகத் தெரிந்தது. கூர் கேட்சர் பக்கம் இருந்தது. சட்டப்படி, சரியாக.

எழுதவே வெட்கமாக இருக்கிறது, அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஆயிரம் பிஸ்டனில் ஒரு கீறலைக் கண்டுபிடிக்கும்போது வருமே, அதே சந்தோஷம். அது ஆவடி வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

5

மறுநாள் ஐயப்பன்தாங்கல் டெப்போ எதிரில் டீக்கடையில் ஸ்வீட்லினைப் பார்த்தார். சுற்றி வளைக்கவில்லை.

“பைனல் அன்னிக்கு பிளேட்டுல கூர் எந்தப் பக்கம்மா இருந்துச்சு?”

‘ஞாபகமில்லை’ என்று சொல்லியிருக்கலாம். எட்டு வருடத்துக்கு முந்தைய ரப்பர் துண்டை மறந்துவிட்டேன் என்றால் யார் தவறாக நினைப்பார்கள்?

“பிட்சர் பக்கம் அங்கிள்” என்றாள்.

“போட்டோவுல அப்படி இல்லியே.”

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் அழுதிருந்தால் மணவாளனுக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும். அழவில்லை.

“அது போன மாசம் எடுத்தது. எங்க ஊட்டாண்ட காலி மனையில. தம்பி எடுத்தான். தேதியும் அவன்தான் போட்டான்.”

“அப்போ எடுத்தது ஒண்ணுகூட இல்லியா?”

“அப்ப ஊட்ல யாருக்கும் தெரியாது அங்கிள். பாதிப் பேரு கொயர் பிராக்டீஸ்னு சொல்லிட்டு வந்தோம். மாட்டிக்கக் கூடாதுன்னு, யாரும் போட்டோ எடுக்கக் கூடாதுன்னு நாங்களே பேசி வெச்சிகினோம். எல்லார் போனும் ஒரே பையில கெடக்கும்.” ஆறிய டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். “அன்னிக்குத் தப்பா வெச்சோமே, அது நெஜம். இப்ப சரியா வெச்சதுதான் பொய்.”

“அந்தப் போட்டோவக் குடுக்காம உட்டுடேன்.”

“குடுத்தாச்சு அங்கிள். ஃபைல்ல கீது.” பிறகு கேட்டாள்: “பிளேட்டு மேட்டர மட்டும் எழுதாதீங்க. மேல கதைன்னு போடாதீங்க. கட்டுரைன்னு போடுங்க.”

6

முடிவு அ: மணவாளன் பிளேட்டை எடுத்துவிடுகிறார். வேலை கிடைக்கிறது. [ஆனால் இந்த லீக் நடந்தது என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே நல்ல அத்தாட்சி அந்தத் தலைகீழ்ப் பிளேட்தான். பொய் சொல்கிறவன் எவனும் தன்னைத் தானே முட்டாளாக்கிக்கொண்டு இப்படி ஒன்றை ஜோடிக்க மாட்டான்.]

முடிவு ஆ: எடுக்கவில்லை. அதிகாரி படிக்கிறார், ஃபைலைத் திறக்கிறார், போட்டோவைப் பார்க்கிறார். வேலை போகிறது. போலி ஆவணம் என்று போலீஸ் வரைக்கும்... [முடிக்கவில்லை. ஜோசப்ராஜின் முகம் குறுக்கே வந்துவிட்டது.]

முடிவு இ: கத்தாரிலிருந்து யூஜின் போன் செய்கிறார். [அடித்தாயிற்று. இந்த மாதிரிச் சரக்கை மணவாளன் என்றைக்கும் பாஸ் செய்ததில்லை.]

மூன்றையும் படித்துப் பார்த்த தாட்சாயிணி, “அந்தப் பொண்ணு உன்னாண்ட நெஜத்த சொன்னதே உன்ன மடக்கத்தானோ இன்னாவோ” என்றாள். முப்பத்தைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்ததில் அவளுக்கும் தொற்றிவிட்டது. அன்று ராத்திரி முழுக்க மணவாளனுக்குத் தூக்கமில்லை.

7

கடைசியில் இரண்டு பிரதி எடுத்தார். ஒன்றில் இரண்டாம் பகுதியும், நான்காம் பகுதியில் இறுதி ஆட்டம் வரைக்கும் மட்டும். பிளேட் கிடையாது. மேலே ‘கட்டுரை’ என்று போட்டு ஸ்வீட்லினிடம் கொடுத்தார். பகுதி எண்களை மட்டும் மாற்றவில்லை, 2-க்குப் பிறகு 4 என்றே இருக்கிறது. சந்தேகப் பிராணி எவனாவது படித்தால், நடுவில் மூன்று எங்கே என்று கேட்பான். முப்பத்தொரு வருடப் புத்தி, அதற்கு மேல் வளையவில்லை.

மற்றது இது. பெயர்களையெல்லாம் மாற்றி, மேலே ‘கதை’ என்று போட்டுப் பத்திரிகைக்குப் போகிறது. பாதி உண்மை கட்டுரையாகவும் முழு உண்மை கதையாகவும் போவதில் மணவாளனுக்கு வருத்தம்தான். ஆனால் கதை என்று போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதே அவளுக்குப் பாதுகாப்பு.

நீங்கள் இதை வியாழனுக்கு முன் படிக்கிறீர்களா, பின் படிக்கிறீர்களா, தெரியாது. நீங்கள் யார் என்பதும் தெரியாது. ஒருவேளை மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருபவராகவே இருந்தால், இந்த ஒரு இடத்தில் மட்டும் மணவாளனை விலக்கிவிட்டு நான் பேசுகிறேன். வியாழன் காலை பதினோரு மணிக்கு அவள் உங்கள் முன்னால் வந்து நிற்பாள். எத்தனை ரன் என்று கேளுங்கள். யார் அம்பயர் என்று கேளுங்கள். அந்தப் பகுதி மூன்று எங்கே என்றுகூடக் கேளுங்கள், அது என் தப்பு.

கூர் எந்தப் பக்கம் இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் சொல்லிவிடுவாள்.