காலி அறையில் ஓடிய மின்விசிறி

சாப்பாட்டு அறைக் கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது, உள்ளே ஆள் இருக்கிறது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பொரித்த மீன் வாசனை சுடச்சுட வந்தது. நான் வராந்தாவில் வரும்போது கேட்டுக்கொண்டிருந்த கேஷியர் அண்ணனின் சிரிப்பு, என் கோல் தரையில் தட்டிய சத்தம் எட்டியதும் பாதியில் நின்றிருந்தது. இப்போது மூச்சுப் பேச்சில்லை. எனக்குக் கண்தான் தெரியாது. காதும் மூக்கும் கூடவே போய்விட்டதாக இவர்களுக்கு யார் சொன்னார்களோ.

பதினொரு வருடமாக இந்த அலுவலகத்தின் டெலிபோன் ஆபரேட்டர் நான். 'ஹலோ' என்று சொல்லி முடிப்பதற்குள் ஆள் யாரென்று சொல்லிவிடுவேன். என்னிடம்தான் இந்தக் கண்ணாமூச்சி. முதல் தடவை நடந்தபோது எனக்கும் புரியவில்லை. அறை காலி என்று நம்பித் திரும்பிப் போய் என் இடத்திலேயே சாப்பிட்டேன். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள், நான் கதவைச் சாத்திய பிறகு உள்ளே பெருமூச்சும் சிரிப்பும் கேட்டன. டைப்பிஸ்ட் அக்கா சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது: "பாவம்தான். அதுக்காக, சாப்பிடுற நேரத்துலயாவது நிம்மதியா இருக்க வேணாமா? எதைத் தட்டி விடுவாளோன்னு பார்த்துக்கிட்டே சாப்பிட வேண்டியிருக்கு." நான் ஒரே ஒரு தடவைதான் தட்டி விட்டேன். அதுவும் என் தண்ணீர், என் மேலேயே.

அதற்குப் பிறகு தொலைபேசிக்குப் பக்கத்திலேயே என் சாப்பாடு. வாயில் சோறோடு 'வணக்கம்' சொல்லப் பழகிக்கொண்டேன். இந்த மாதத் தொடக்கத்தில்தான் கணக்குப் பிரிவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். வந்த இரண்டாம் நாளே என் மேசைக்கு வந்து, "ஏன்க்கா தனியா உக்காந்து சாப்பிடுறீங்க? வாங்க" என்றாள். என் கையைப் பிடித்து இழுக்காமல், நான் பிடித்துக்கொண்டு நடக்கத் தன் முழங்கையை நீட்டினாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதைச் செய்தவள் இங்கே அவள் ஒருத்திதான். பத்து நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். என் டப்பாவிலிருந்து முட்டையை எடுத்துக்கொண்டு, "திருடிட்டேன், உங்களுக்குத் தெரியவே தெரியாது" என்பாள். "தெரியும்டி, உனக்குன்னுதான் ரெண்டா கொண்டு வந்தேன்" என்பேன். இன்னொரு முட்டை யாருக்கு என்று அம்மா கேட்டாள். ஃப்ரெண்டுக்கு என்றேன். அந்தச் சொல்லை வீட்டில் சொல்லி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

இன்று அவள் கூப்பிட வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று நானே கிளம்பி வந்தேன். இப்போது வாசலில் நின்று ஒன்றே ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டேன். அவள் உள்ளே இருக்கக் கூடாது. மற்றவர்கள் எக்கேடு கெட்டால் எனக்கென்ன.

அவளிடம் ஒரு தண்ணீர் பாட்டில் உண்டு. மூடியைத் திருகினால் கிரீச்சென்று கத்தும். வலப் பக்கத்து மேசையில் அது பாதி கத்தி நின்றது.

ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். வந்து ஒரு மாதம்கூட ஆகாதவள், பாவம், என்ன செய்வாள் என்று அவளுக்காக நானே வாதாடிப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. திரும்பிப் போகவும் பிடிக்கவில்லை. "யாரும் இல்ல போல. நல்லதாப் போச்சு" என்று உரக்கச் சொல்லிவிட்டு, நடு மேசையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவ்வளவு நிதானமாக நான் என்றைக்கும் சாப்பிட்டதில்லை. வாயில் போட்ட மீனை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கேஷியர் அண்ணன் படும் பாட்டை நினைத்துச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. "அக்கா" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் மறந்திருப்பேன். ஒரு முட்டையைத் தின்றுவிட்டு, இன்னொன்றை டப்பா மூடியில் வைத்து வலப் பக்கமாகத் தள்ளினேன்.

இடைவேளை முடியும் மணி அடித்தது. செருப்புகளைக் கழற்றும் சத்தம். கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலில் ஒவ்வொருவராக வெளியேறினார்கள், சம்பளம் வாங்கும் பெரிய மனிதர்கள். ஐந்து பேர் போனது தெரிந்தது. ஆறாவது காலடி என் மேசையருகே வந்து நின்றது. அவள் சோப்பின் வாசனை. நான் அசையவில்லை. மேசையில் எதுவோ லேசாக இடித்தது. பிறகு அந்தக் காலடியும் போய்விட்டது.

மேசையைத் தடவினேன். முட்டை அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் அவள் பாட்டில்.

என் இடத்துக்கு வந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். இங்கே ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மணிச்சத்தம். கொஞ்ச நேரத்தில் கணக்குப் பிரிவின் மணி அடித்தது.

"வணக்கம், ஆபரேட்டர்."

மூச்சு மட்டும் கேட்டது. வெளி அழைப்புகள் இரண்டு காத்துக் கிடந்தன. நான் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. பாட்டிலை எடுத்து வாய்க்கு முன்னாலிருந்த மைக்கின் அருகே பிடித்து, மூடியை மெதுவாகத் திருகினேன். கிரீச்சென்று, இந்தத் தடவை முழுதாகக் கத்தியது.