ஹோசியாவுக்கு அழுத அழுகை

ஹோசியா கிழவன் செத்ததற்கு அந்த ஊரில் யாரும் அழ வேண்டிய அவசியம் இல்லை. அடுத்த வீட்டுப் பன்றி தன் வேலிக்குள் மூக்கை நீட்டினால் துப்பாக்கியைத் தூக்குகிற மனுஷன். இருந்தும் 1910 ஜூலை நாலாம் தேதி சாயங்காலம், மரமில்லுக்குப் பின்னால் இருந்த எங்கள் சர்ச்சில் உட்கார இடமில்லை. வந்த கூட்டம் ஹோசியாவுக்காக வந்ததல்ல. அன்றைக்குத்தான் தூரத்து ரீனோ நகரத்தில் உலகப் பட்டத்துக்கான குத்துச்சண்டை.

கால்வெஸ்டன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய எங்கள் ஆள் உலகச் சாம்பியன் ஆகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பட்டத்தில் ஒரு கறுப்பன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வெள்ளைக்காரர்களுக்கு அது தொண்டையில் இறங்கவே இல்லை. பண்ணை பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்த தங்கள் பழைய சாம்பியனைக் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி மேடையில் ஏற்றியிருந்தார்கள்.

பாஸ்டர் கிம்ப்ரோ விவரமானவர். "யாரு ஜெயிச்சாலும் அடி நமக்குத்தான். சாவு நடக்கிற இடத்துல சுடறதுக்கு அவனுங்களுக்கும் கொஞ்சம் கூசும். எல்லாரும் இங்கயே இருங்க" என்று சொல்லி, காலையில் புதைக்க வேண்டிய ஹோசியாவைச் சாயங்காலம் வரை காக்கவைத்துவிட்டார். டெக்ஸஸ் வெயிலில் ஹோசியா இதற்குச் சம்மதித்திருக்கவே மாட்டார்.

மூன்றாவது பெஞ்சில் லுவீனியா தன் கணவன் டோலிவரின் கையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவளுக்கு ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை. டோலிவருக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு மாதமாக மில்லில் ரம்பச் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டிருந்தான்: "பாத்துக்கிட்டே இருங்கடா, நம்மாளு அவனை விறகு பொளக்கற மாதிரி பொளக்கப் போறான்!" சூப்பர்வைசர் ஸ்ட்ரிக்லண்ட் துரை ஒரு நாள் நின்று அதைக் கேட்டார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் லுவீனியா தூங்கியிருப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதைவிடச் சின்னப் பேச்சுக்கு அவளுடைய சித்தப்பா மகனை ஆற்றுப் பாலத்தில் தொங்கவிட்டிருந்தார்கள்.

"ஏய்யா, சேதி எதுவா இருந்தாலும் வாயைத் தொறக்கக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு."

"நாலு தடவை பண்ணிட்டேன்டி. கையை விடு, மரத்துப் போச்சு."

ஆறு மணி வாக்கில் சைலஸ் வந்தான். ரயில் நிலையத்தில் பெருக்குகிறவன். தந்தி வர வர அங்கே வெள்ளைக்காரர்களுக்குப் படித்துச் சொன்னதைத் துடைப்பத்தோடு நின்று அவனும் கேட்டிருந்தான். உள்ளே வந்தவன் தொப்பியைக் கழற்றினான், நேரே பெட்டியருகே போனான், ஹோசியாவின் தங்கையைக் கட்டிக்கொண்டு அவள் காதில் ஏதோ சொன்னான். "ஐயோ, ஏசப்பா!" என்று அவள் அலறினாள். அதுவரை அண்ணனுக்காக ஒரு பொட்டுக் கண்ணீர் விடாதவள்.

உடனே எல்லோரும் முகம் பார்க்க எழுந்தார்கள். பெட்டியைச் சுற்றி ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுவது எங்கள் வழக்கம். ஒவ்வொருவர் கட்டிக்கொள்ளும்போதும் செய்தி ஒரு காது நகர்ந்தது. "பதினஞ்சாவது ரவுண்டு!" "வெள்ளைக்காரன் மூணு தடவை விழுந்தானாம்!" ஒப்பாரி கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. சந்தோஷத்தை அழுகையாக்கத் தெரியாவிட்டால் அந்த ஊரில் நாங்கள் எப்படிப் பிழைத்திருப்போம்? டோலிவர் தொப்பியின் விளிம்பைக் கடித்துக்கொண்டு குலுங்கினான். லுவீனியாவுக்கும் ஒரு கணம் நெஞ்சு விம்மியது. அடுத்த கணமே பயம் திரும்பி வந்தது.

எல்லோரும் பெஞ்சுகளுக்குத் திரும்பியபோது கதவு திறந்தது. ஸ்ட்ரிக்லண்ட் துரையும் பின்னால் நாலு பேரும் துப்பாக்கியோடு நின்றார்கள்.

"அப்படி எந்தப் பெரிய மனுஷன்டா செத்துட்டான்?"

"ஹோசியா, தொரை. எல்லாருக்கும் ரொம்ப வேண்டியவர்" என்றார் பாஸ்டர். பைபிளின் மேல் கை வைத்தபடியேதான் சொன்னார்.

துரை நிதானமாக நடந்துவந்து மூன்றாவது பெஞ்சருகே நின்றார். அவர் வாயில் விஸ்கி நாற்றம்.

"டேய் டோலிவர். சேதி தெரியுமா?"

"சாவுல இருக்கோம் தொரை. ஒண்ணும் தெரியாது."

"நான் சொல்றேன். எங்காளு ஜெயிச்சிட்டான். உங்காளு நாலாவது ரவுண்டுலயே மண்ணைக் கவ்விட்டான்."

அது பொய் என்று துரைக்கும் தெரியும், சர்ச்சில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் ஒரே ஒரு முகத்தில் அது தெரிந்துவிட்டால் போதும். அழுத அழுகை எதற்கு என்று வெளியே வந்துவிடும், துப்பாக்கிகள் பேச ஆரம்பித்துவிடும். கடவுளே, இவன் வாயைக் கட்டு, கட்டு என்று லுவீனியா உள்ளுக்குள் கதறினாள்.

"அப்படிங்களா தொரை" என்றான் டோலிவர்.

"அவ்வளவுதானா? மில்லுல என்னமாக் கத்துவே!"

"புத்தி கெட்டுப் பேசிட்டேன், தொரை."

"உங்க சாம்பியன் எப்படிப்பட்டவன்? சொல்லு."

டோலிவர் தொப்பியை மடியில் கசக்கினான்.

"ஒண்ணுக்கும் ஆகாத பய, தொரை."

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"ஒண்ணுக்கும் ஆகாத பய! அவன் எங்காளே இல்ல!"

நாற்பத்திரண்டு வயது டோலிவரின் கன்னத்தைத் துரை இரண்டு தட்டுத் தட்டினார். ஒருவன் சிரித்தான். ஐந்து பேரும் வெளியே போனார்கள். குதிரைகளின் குளம்புச் சத்தம் கீழ்த்தெருப் பக்கம் தேய்ந்து போகும்வரை யாரும் அசையவில்லை.

லுவீனியாவுக்கு உயிர் திரும்பி வந்தது. அவன் அதைச் சொன்னானே என்று சந்தோஷப்பட்டாள். வெட்கமெல்லாம் படவில்லை. ஹோசியாவின் தங்கை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சைலஸ் துடைப்பம் பிடிக்கிற கையை முஷ்டியாக்கிக் காற்றில் மெல்லக் குத்திக் காட்டினான். பாஸ்டர்கூடப் பல்லைக் காட்டினார்.

டோலிவர் மட்டும் எழுந்து போய்ப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஓவென்று, மூக்கு ஒழுக அழுதான்.

லுவீனியா ஓடிப்போய் அவன் முதுகைத் தடவினாள். "போயிட்டாங்கய்யா. போதும். இனி நடிக்க வேணாம்."

"நடிக்கலடி" என்றான் அவன்.