எல்லாருக்கும் விளங்கினது

தொழில் வழிகாட்டல் தினத்துக்கு ஏன் தன்னைக் கூப்பிட்டார்கள் என்பது ரிஷாத்துக்கே சந்தேகம். வழமையாக ஒரு டொக்டரும் ஒரு வங்கி மனேஜரும்தான் வருவார்கள். இம்முறை இருவருக்கும் வேறு வேலை. ஆகவே, திருகோணமலைத் துறைமுகத்தில் பழைய இரும்பு இறக்குகிறவனுக்கு மாலை விழுந்தது. உயர்தரத்தில் இரசாயனவியலுக்கு ஏ எடுத்தவன்தான். அந்த ஏ-யை வைத்துக்கொண்டு இரும்பு தூக்கலாம் என்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. யன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்தான். குர்பானுக்கு அறுக்கக் கட்டின மாடு மாதிரி இருந்தது.

அவன் வந்தது கடைசி வாங்கில் குந்தியிருந்த றுவைசுக்காக. பாலையூற்றில் பக்கத்து வீட்டுப் பொடியன். திங்கட்கிழமை முதல் அவனும் அதே துறைமுகத்தில் வேலைக்கு வருகிறான். போன மாதம் ரிஷாத்தின் கூட்டாளி தர்மிகன் செத்த இடம். போகாதே என்று ரிஷாத் வீட்டில் வைத்து எவ்வளவோ சொல்லியாயிற்று. "பயமெண்டா நீங்க வீட்ட இருங்க நானா" என்று அண்ணன் முறை வைத்தே சிரித்துவிட்டான்.

"பிள்ளைகள், சேர் சொல்றதை வடிவா கேளுங்கோ" என்றார் நஜ்முன் நிஸா ரீச்சர். எந்தச் சேர் என்று ரிஷாத் ஒருகணம் திரும்பிப் பார்த்தான்.

எழுதி வந்த பேச்சைப் பொக்கற்றில் விட்டுவிட்டுச் சிங்களத்தில் தொடங்கினான். வேலையின் முதல் நாள் மேற்பார்வையாளர் அந்த மொழியில் கடகடவென்று சொன்னதைத்தான் அப்படியே சொன்னான். தர்மிகன் செத்த பிறகு ஆளாளாய்க் கேட்டு அர்த்தத்தோடு பாடமாக்கியிருந்தான். சொல்லி முடித்து, "விளங்கினதா?" என்றான்.

"விளங்கினது சேர்" என்றது வகுப்பு, ஒரே ராகத்தில். றுவைஸின் குரல்தான் கூடக் கேட்டது.

"என்ன விளங்கினது?"

பிள்ளைகள் ஆளையாள் பார்த்தார்கள்.

"நாங்களும் இப்பிடித்தான். பள்ளிக்கூடத்தில பதின்மூண்டு வருசப் பழக்கம். விளங்கேல்ல எண்டா பாடம் முடியாது, பக்கத்தில இருக்கிறவன் சிரிப்பான். அங்க மேற்பார்வையாளரும் விளங்கினதா எண்டு கேட்டவர். நானும் தர்மிகனும் ஒண்டும் விளங்காமலே எல்லாருக்கும் முதல் 'ஓவ் சேர்' எண்டு சிங்களத்தில ஓம் போட்டனாங்கள். அவர் சொன்னது இதுதான்: கப்பலின்ர கீழறை நாள்கணக்கா மூடிக்கிடந்தது, காத்தைச் சோதிக்கும்வரைக்கும் ஒருத்தரும் ஏணியில கால் வைக்கப்படாது."

தர்மிகன் கால் வைத்தான். கீழே விழுந்த கயிறொன்றை எடுக்கப் போனவன், பாதி ஏணியில் கையை விட்டான். கத்தக்கூட இல்லை. பின்னால் இறங்கப் போன ரிஷாத்தை யாரோ சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தார்கள். அதனால் இவனுக்கு மாலை கழுத்தில், தர்மிகனுக்குப் படத்தில்.

"இரும்பு துருப்பிடிக்க என்ன வேணும்?"

"ஒட்சிசனும் நீரும் சேர்."

"கீழறை முழுக்கத் துருப்பிடிச்ச இரும்பு. அப்ப ஒட்சிசன் எங்க போயிருக்கும்? தர்மிகன் இதுக்கு முழுப் புள்ளி எடுத்தவன். கேள்வியா வந்தா எங்களுக்குத் தெரியும். குழியா வந்தா தெரியேல்ல."

ரீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார். நன்றியுரைக்கு ஒரு பிள்ளை தாளோடு தயாராக நின்றது. அப்போதுதான் றுவைஸ் எழும்பினான். "இருடா விசரா" என்றான் பக்கத்திலிருந்தவன்.

"நானா, காத்தை எப்பிடிச் சோதிக்கிறது?"

வகுப்பு சிரித்தது. "வந்தவையிட்ட அப்பிடிக் கேக்கிறதில்லை, இரு" என்றார் ரீச்சர்.

"நிக்கட்டும் ரீச்சர்."

அதற்கு ஒரு கருவி இருக்கிறதாம். சாவுக்குப் பிறகு புது எச்சரிக்கைப் பலகை ஒன்று மாட்டினார்கள், கருவியை ரிஷாத் கண்ணால் கண்டதில்லை. கேட்டால் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு, சோதிக்காத கீழறைகளுக்குள்தான் இந்த ஒரு மாதமும் இறங்கி ஏறுகிறான். ஊருக்குப் புத்தி சொல்ல வந்த மகராசன்.

"எனக்குத் தெரியாது" என்றான்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. றுவைஸ் நின்றபடியே நின்றான். "அப்ப திங்கக்கிழமை எப்பிடி இறங்குவீங்க?"

"கேட்டுப்போட்டுத்தான். ரெண்டு பேரும் கேப்பம். வேலையால நிப்பாட்டினா ஒண்டா பஸ் ஏறி வருவம்."

றுவைஸ் கொஞ்சம் யோசித்தான். "சிங்களத்தில ஆர் கேக்கிறது?"

"நான் கேக்கிறன். நீ பக்கத்தில நில்லு."