எட்டுப் பல் சக்கரம்

விசாரணை பிற்பகல் மூன்று மணிக்கு. லேப்காரருக்கோ காலை ஏழு மணியிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. மேசை முன்னால் உட்கார்ந்தார், எழுந்தார், காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்தார், பெயின்ட் ஈரத்தில் தூசி ஒட்டிவிடுமே என்று உடனே சாத்தினார். மேசை மேல் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு சரக்கு வேகன், உலகத்தில் எந்தக் கவலையும் இல்லாததுபோல் நின்றுகொண்டிருந்தது.

பிழைப்புக்குப் பல் லேப் வைத்து, பல் செட் கட்டுகிறவர் அவர். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்து, முகம் தெரியாத ஆட்களுக்குக் கடைவாய்ப் பல் செய்து கொடுப்பார். மிச்ச நேரமெல்லாம் சின்ன ரயில். அதிலும் எஞ்சின்மேல் ஆசை கிடையாது, எஞ்சினைக் கடையில் பெட்டியோடு வாங்கிவிடலாம். பழைய வேகனின் கைப்பிடி, படி, தாழ்ப்பாள் என்று யார் கண்ணிலும் படாத உருப்படிகள்தான் அவருக்கு உயிர். அவை கடையில் கிடைக்காது. கிடைத்தாலும் இவருக்குப் பிடிக்காது. வீட்டில் எது வைத்த இடத்தில் இல்லையோ அது வேகனில் இருக்கும் என்று மாடியில் குடியிருக்கும் தங்கை சொல்வாள். அவளுடைய டீ வடிகட்டியின் வலைதான் இந்த வேகனின் முனையில் ஆள் நிற்கும் தட்டு. படிகள் ஸ்டேப்ளர் பின். பிரேக் குழாய் கிடார் கம்பி.

ஆனால் இந்த வேகன் பொழுதுபோக்கு என்கிற எல்லையைத் தாண்டிவிட்டது. தங்கை புருஷனின் வேலையே இதில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளைக்கு ரயில் யார்டில் வேகன்களைக் கோத்துப் பிரிக்கும் வேலை. ஆறு வாரத்துக்கு முன்னால், அவர் நிறுத்திவிட்டு வந்த வேகன் தானாக உருண்டுபோய்க் கிடங்குக் கதவில் மோதி, உள்ளே மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவரின் காலை முறித்துவிட்டது. போய்ப் பார்த்தால் கைப்பிரேக் தளர்ந்து கிடந்தது. போட மறந்துவிட்டார் என்று அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று அதுவே முடிவானால் வேலை போனதுதான்.

"போட்டேன். பிரேக் சக்கரத்தை இறுகச் சுத்தினேன், பல்லைப் பிடிக்கிற நாக்கைக் காலால தட்டி மாட்டினேன், டக்குனு சத்தம் கேட்டுது" என்று மாப்பிள்ளை பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். பாவம் என்று எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். லேப்காரரும் கேட்டுக்கொண்டார்.

கைப்பிரேக் இருந்த முனை மோதலில் நசுங்கி, பழைய இரும்போடு போய்விட்டது. விசாரணை அதிகாரி கோப்புகளோடே வளர்ந்தவர், கைப்பிரேக்கை எட்ட நின்றுகூடப் பார்த்ததில்லை. அப்போதுதான் தொழிற்சங்கச் செயலாளர் மாப்பிள்ளையிடம் ஒரு யோசனை சொன்னார். "உங்க மச்சான் அந்த வேகனைத்தானே செஞ்சிட்டிருக்கார்? பிரேக் நெஜமாவே சுத்துற மாதிரி செஞ்சு எடுத்துட்டு வாங்க. எப்படிப் போட்டீங்கன்னு அதுலயே காட்டிரலாம்."

விபத்துக்கு ஒரு வாரம் முன்பு மாப்பிள்ளைதான் அந்த வேகனைப் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அளவுக்கு ஸ்கேல் வைத்து எடுக்கச் சொன்னதற்கு, "ஸ்கேலுக்கு நான் எங்க போறது, என் கை போதும்" என்று ஒவ்வொரு படத்திலும் தன் கையை விரித்து வைத்திருந்தார். அந்தக் கையை அளந்துதான் லேப்காரர் வேலையை முடித்தார். மிளகளவு சக்கரம், அதில் ரம்பம்போல் ஒரே பக்கமாகச் சாய்ந்த எட்டுப் பல். அதில் போய் மாட்டிச் சக்கரம் பின்னால் சுற்றாமல் பிடிக்க ஊசிமுனை அளவில் ஒரு நாக்கு. பிரேக் சங்கிலியை இழுத்துப் பிடிக்க, பல் கம்பிக்குப் போடும் பொடி ரப்பர் ஒன்று. பல் செட்டைத் தேய்த்து வடிவாக்கும் கருவியாலேயே எல்லாவற்றையும் கடைந்திருந்தார்.

பிரேக் அற்புதமாக வேலை செய்தது. அதுதான் இப்போது சிக்கல். சக்கரத்தைச் சுற்றி, நாக்கை ஊசியால் தட்டி மாட்டினார். மேசையைக் குத்தினார். அசையவில்லை. வேகனையே தூக்கி ஆட்டினார். ஊஹூம். இவ்வளவு கச்சிதமாகப் பிடிக்கிற பிரேக்கைப் போட்டிருந்தால் வேகன் எப்படி நகரும் என்று எந்த அதிகாரியும் கேட்பான். மாப்பிள்ளையைக் காப்பாற்றச் செய்த சாமானே அவரைக் காட்டிக்கொடுக்கப் போகிறது.

அரத்தை எடுத்தார். இரண்டே இரண்டு பல்லைக் கொஞ்சம் மழுக்கிவிட்டால் போதும், லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் தெரியாது. எடுத்த அரத்தைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். இருபது வருஷமாக ஒரு ஆணியைக்கூட இல்லாத இடத்தில் வைக்காதவர். அரத்தை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை இரண்டு டம்ளர் டீயோடு இறங்கி வந்தார். அவரும் உட்காரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், பல்சக்கரத்தின் படத்துக்கு முன்னால் நின்றார்.

"மச்சான், இது யார் கை?"

"இதென்ன கேள்வி மாப்பிள்ளை? உங்க கைதான். நீங்க எடுத்த போட்டோதானே."

"என் கைன்னா கறுப்பு நகம் இடது கையிலதானே இருக்கணும்?"

மாப்பிள்ளையின் இடது கட்டைவிரல் நகம் என்றைக்கோ இரண்டு வேகன்களுக்கு நடுவில் நசுங்கிக் கறுத்துப்போனது. டம்ளரை வைத்துவிட்டு அந்தக் கையைப் படத்துக்குப் பக்கத்தில் விரித்தார். படத்தில் இருந்தது வலது கை. வலது கையில் கறுத்த நகம்.

லேப்காரர், "நான்தான் படத்தைத் திருப்பிப் போட்டேன்" என்றார்.

"எதுக்கு?"

எதற்கு என்றால், அதற்கு ஒரு பழைய மானக்கேடு உண்டு. சின்ன ரயில்காரர்களின் கண்காட்சிக்கு ஒரு முறை, இடம் வலம் மாறி அச்சான படத்தைப் பார்த்து முழு வேகனையும் மாற்றிச் செய்துகொண்டு போனார். அன்றையிலிருந்து அந்தக் கூட்டத்தில் அவருக்கு 'இடவலம்' என்றே பெயர். எந்தப் படத்தையும் நம்பக் கூடாது என்று அன்று எடுத்த முடிவு. வாய் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே பழகிய தொழில் வேறு. மாப்பிள்ளை அனுப்பிய படத்தில் பற்கள் வேகன் புத்தகத்தில் இருந்த வரைபடத்துக்கு நேர் எதிராகச் சாய்ந்திருந்தன. போன் கண்ணாடி மாதிரி மாற்றி எடுத்துவிட்டது என்று தானே சொல்லிக்கொண்டு, படத்தைத் திருப்பி, 'சரியான' சக்கரத்தைச் செய்துவிட்டார்.

கம்ப்யூட்டரில் அசல் படத்தைத் திறந்தார். இடது கை. கறுத்த நகம். எதிர்ப்பக்கம் சாய்ந்த எட்டுப் பல்.

"அந்தச் சக்கரத்தை எப்பவாவது கழட்டி மாட்டினாங்களா?" என்று கேட்டார்.

"போட்டோ எடுத்ததுக்கு முந்தின வாரம். ஒர்க்‌ஷாப்புக்குப் போய் வந்த வண்டிதானே."

"திருப்பி மாட்டிட்டாங்க மாப்பிள்ளை. நாக்கு பல்லுல உக்காரும், டக்குன்னு சத்தமும் கேட்கும். ஆனா கடிக்காது. பக்கத்துல ஒரு வண்டி லேசா இடிச்சாலே பல்லோட சரிவுல வழுக்கிட்டு வந்துரும்."

மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறு வாரத்தில் அவர் அப்படி உட்கார்ந்து லேப்காரர் பார்க்கவில்லை.

செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டியதுதான். ஆனால் பதற்றத்தில் இடுக்கி நழுவியது. சக்கரம் 'டிங்' என்று தெறித்து எங்கோ போய்விட்டது. மாடியிலிருந்து தங்கையும் இறங்கி வர, மூன்று பேரும் தரையில் தவழ்ந்தார்கள். "இதைத் தொலைக்கத்தான் என் வடிகட்டியை வெட்டினியா அண்ணா?" என்று தங்கை கட்டிலுக்கு அடியிலிருந்து திட்டினாள். திட்டினாளே தவிர, குரல் அழுகிற மாதிரி இருந்தது. கடைசியில் தூசி உறிஞ்சும் மெஷினின் வாயில் மெல்லிய துணியைக் கட்டி அறை முழுக்க ஓட்டினார்கள். மூன்றாவது தடவை, முடியும் நூலும் ஒட்டிய துணியில் சக்கரம் மின்னியது. அப்போது மணி பன்னிரண்டரை.

திருப்பி மாட்டிச் சுற்றினார். நாக்கு 'டிக்' என்று போய் உட்கார்ந்தது. மேசையை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். சக்கரம் சர்ரென்று தானாகப் பின்னால் ஓடியது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

விசாரணை அறையில் அதிகாரி முதலில் வேகனை விளையாட்டுச் சாமானைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு லென்ஸ் கேட்டு வாங்கினார். தானே சுற்றி, தானே நாக்கை மாட்டி, தானே தட்டினார். ஓடியது. "இன்னொரு தடவை" என்றார். நாலு தடவை ஓடவிட்டார். அசல் படத்தை மாப்பிள்ளையின் போனிலேயே பார்த்து, எடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு, "உங்க கையைக் காட்டுங்க" என்றார். மாப்பிள்ளை இடது கையை மேசைமேல் விரித்தார். அதிகாரி படத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, ஒர்க்‌ஷாப் பதிவேடு வரட்டும், அதுவரை இவர் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம் என்று எழுதச் சொன்னார்.

பஸ் நிறுத்தத்தில் லேப்காரர் வேகன் பெட்டியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார்.

"படத்தைத் திருப்பினப்ப என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மச்சான். மாடியிலதானே இருந்தேன்."

இந்தக் கேள்வி வரும் என்று காலையிலிருந்தே அவருக்குத் தெரியும். பதில் பல தயார் செய்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னார்.

"நீங்க மறந்துட்டீங்கன்னுதான் நெனச்சிட்டிருந்தேன் மாப்பிள்ளை. அதனால கேட்கத் தோணலை."

மாப்பிள்ளை சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க தங்கச்சியும் கொஞ்ச நாள் அப்படித்தான் நெனச்சா. சொல்லலை, ஆனா எனக்குத் தெரிஞ்சுது" என்றார். "போன வாரத்திலேர்ந்து நானே அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். நெஜமாவே சத்தம் கேட்டுதா, இல்ல, கேட்டுதுன்னு சொல்லிச் சொல்லி எனக்கே அப்படி ஆயிருச்சான்னு. இன்னிக்கு அங்க போய், மறந்துட்டேன் சார்னு சொல்லிடலாம்னு இருந்தேன்."

பஸ் வந்தது.

"பெட்டியை இப்படிக் குடுங்க" என்றார் மாப்பிள்ளை. "நீங்க ஏறுங்க."