கல் எருமை

சொல்ல வேண்டிய விஷயத்தை அக்கா காலையிலேயே தம்பியின் தலையில் கட்டிவிட்டாள். "உன்கிட்டதான் ரெண்டும் ஒட்டிக்கிட்டுக் கிடக்குது. எங்கயாவது கூட்டிட்டுப் போய், பக்குவமா சொல்லிடு." விஷயம் இதுதான்: அக்காவும் அத்தானும் பிரிகிறார்கள். பிள்ளைகளில் பெரியவள் அப்பாவோடு வேறு ஊருக்குப் போகிறாள். அவள் தம்பி வாண்டு அம்மாவோடு இங்கேயே இருப்பான். இதைப் பக்குவமாகச் சொல்ல எந்த மகராசனால் முடியும்? பிள்ளைகளுக்கு மாமாவான இவன் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் அழுகிறவர்களை வெளியே இருந்தபடியே சிரிக்க வைத்துவிடுவான். அந்த ஒரு திறமையை நம்பி அனுப்பிவிட்டார்கள்.

சிற்பத் தோட்டத்துக்குள் நுழைந்ததிலிருந்து அவன் வாய் ஓயவில்லை. புல்வெளியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பருத்த கல் பெண்மணிக்கு ஒரு கும்பிடு போட்டு, "என்னம்மா, பஸ் இன்னும் வரலியா?" என்று விசாரித்தான். வாண்டு விழுந்து விழுந்து சிரித்தான். பெரியவள் சிரிக்கவில்லை. பத்து வயசில் முகத்தை இப்படியா உம்மென்று வைத்துக்கொள்வது? ஒவ்வொரு சிலையைத் தாண்டும்போதும், அடுத்த சிலைக்கிட்டே சொல்லிவிடலாம் என்று மாமா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான்.

போதாக்குறைக்கு அவள் தம்பியைப் பாடாய்ப் படுத்தினாள். எப்போதும் அவன் செருப்பு வாரைக்கூட அவள்தான் மாட்டிவிடுவாள். இன்று அவன் காலை நீட்டினால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து தரவில்லை. பாத்ரூம் வாசலில் நின்று, "தாழ்ப்பாள் போடாத, சும்மா சாத்திக்க. கை கழுவிட்டு வா," என்று தனியாக அனுப்பினாள்.

தோட்டத்தின் கோடியில் ஒரு கல் எருமை படுத்திருந்தது. மற்ற சிலைகளைத் தொட்டாலே விசில் ஊதுகிற காவலாளி, இதன் மேல் மட்டும் பிள்ளைகளை ஏறவிட்டார். வாண்டு வயிற்றுப் பக்கமாகத் தொற்றினான், வழுக்கினான், பெரியவளிடம் கையை நீட்டினான்.

"நீயே ஏறு."

"தூக்கிவிடுக்கா."

"முன்னங்கால் மடிஞ்சிருக்கு பாரு. அதுல கால வை. கொம்பப் பிடி."

மறுபடி வழுக்கி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, தோட்டமே திரும்பிப் பார்க்கும்படி அழுதான். அவள் அசையவில்லை. மாமாவுக்குச் சுர்ரென்று ஏறியது. வாண்டைத் தூக்கி எருமை முதுகில் உட்கார வைத்துவிட்டு, அவளைச் சற்றுத் தள்ளி அழைத்துக்கொண்டு போனான்.

"ஏண்டி, தம்பிக்கு ஒரு கை கொடுத்தா குறைஞ்சா போயிடுவ? என்ன அழுத்தம் உனக்கு!"

அவள் தம்பிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்கு நீங்க தூக்கிட்டீங்க மாமா. தினமும் யாரு தூக்குவாங்க? நான்தான் ஊருக்குப் போயிடுவேனே. அதுக்குள்ள அவன் எல்லாம் பழகணும்ல?"

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கிச்சன்ல மெதுவாத்தான் பேசுறாங்க, எனக்குக் கேக்கும். அவனுக்குத் தெரியாது. நீங்களும் இப்ப சொல்லிடாதீங்க மாமா, பழகட்டும்."

இந்தப் பிள்ளையைப் போய்த் திட்டினோமே என்று மாமாவுக்கு வெட்கமாக இருந்தது. பெரியவர்கள் எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது, தன்னையும் சேர்த்துத்தான். போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான்.

"சொல்லிட்டியா? அழுதாங்களா?" என்றாள் அக்கா.

"நான் சொல்ல மாட்டேன்."

"விளையாடாதடா."

"விளையாடல. உன் பொண்ணுக்கு எல்லாம் தெரியும். அவ இல்லாம இருக்கத் தம்பியப் பழக்கிக்கிட்டு இருக்கா. நீயும் அத்தானும் என்ன வேணாப் பண்ணிக்கோங்க, இதுங்க ரெண்டும் ஒரே வீட்லதான் இருக்கும். உன் வீடோ, அவர் வீடோ, ரெண்டும் ஆகலன்னா என் வீடு. இல்ல, பிரிச்சுத்தான் தீரணும்னா, ரெண்டு பேரும் இங்க வந்து அவ முகத்தப் பார்த்துச் சொல்லுங்க."

அக்கா விசும்புவது கேட்டது.

"அவகிட்ட போனக் குடு."

நீட்டினான். பெரியவள் வாங்கவில்லை.

"அப்புறம் பேசறேன் மாமா. அவன் இறங்கறான், விழுந்துடுவான்," என்றவள் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு எருமையை நோக்கி ஓடினாள்.

போனில் அக்காவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.

"அங்கயே இருங்க," என்றாள். "நாங்க ரெண்டு பேரும் வர்றோம்."